வண்டுப் பெட்டி

மணப்பெண் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் பாதிப் பூதான் ஏறியிருந்தது. ஒரு கண்ணுக்கு மை தீட்டியாகிவிட்டது, மற்றது வெறுங்கண். அந்த இரண்டு வேறு வேறு கண்களாலும் அவள் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மடியில் மூடி கழற்றிய ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்கியூட் போர்டு. போர்டின் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

"ஆன்ட்டி, கிட்டக் கொண்டு வரவா?" என்றாள்.

"வேணாம்மா, அப்படியே புடி. சூடு வேணாம், குளிர்காத்துல வெச்சிக்க."

"இது என்னா, சாமியா?"

"இல்லம்மா. கிட்டார் பெடல்."

அவள் தலையாட்டினாள். கல்யாண நாளில் பெண்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். நானும் ஆட்டியவள்தான். அந்தக் கதையை இதே தொடரில் போன வாரமே சொல்லிவிட்டேன்.

செடெனாக் பக்கத்து மண்டபம் அது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடிக்கு அப்பால் செம்பனை மரங்கள் மங்கலாக அசைந்தன. அறைக்குள் மல்லிகை வாசம், ஸ்பிரிட் வாசம், கொஞ்சம் சந்தன வாசம். டிரையரின் இரைச்சலில் யார் பேசினாலும் தூரத்திலிருந்து பேசுவதாகக் கேட்டது. இன்று நினைத்தாலும் அந்த நேரம் எனக்குக் கனவில் நடந்ததாகவே படுகிறது.

மேடைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்று இரவு இந்த டின் வேண்டாத சத்தம் போட்டால், இசைக்குழுவில் அவருக்கு இடமில்லை என்று சொல்லியாகிவிட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் செல்வத்தை இந்தத் தொடரில் பலமுறை கேலி செய்திருக்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் விட்டுவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது செனாயில். விமானம் இறங்கும்போதெல்லாம் சமையலறைச் சன்னல் மெல்ல அதிரும் வீடு. நான் தொழிற்பேட்டையில் சர்க்கியூட் போர்டு செய்யும் ஆலையில், பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவருக்குக் கடல்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒருமுறை எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் பின்னால் உட்கார்ந்து போனேன். பாலத்தின் நடுவில் எல்லா மோட்டாரும் நின்றுவிட்டன. எங்கே பார்த்தாலும் ஹெல்மெட். கடலிலிருந்து சேற்று வாசம் வந்தது. முன்னால் ஒருவர் கைப்பிடிமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் அலுத்துக்கொள்ளவும் இல்லை.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா. நீ வேணும்னா என் முதுகுல சாஞ்சி தூங்கு. நகர்ந்தா சொல்றேன்."

அந்த மனிதர் சனிக்கிழமை மாலை கறுப்புச் சட்டை போட்டுக் கிட்டாரை மாட்டினால் வேறு ஆள். முதுகு நிமிரும். சிரிப்பில்கூட ஒரு மிடுக்கு வரும். தேவா மாஸ்டரின் இசைக்குழுவில் அவர் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கிறார். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே வாசிக்கிறார். வாரம் முழுக்க ஹெல்மெட்டாக இருக்கிறவர், அந்தச் சில மணி நேரம்தான் செல்வமாக இருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டால் அவருக்குப் பாலமும் கிடங்கும்தான் மிச்சம். எனக்கு அது தெரியும். அதனால்தான் எனக்குப் பயம்.

வேண்டாத இடத்தில் வாய்

அவரிடம் கடையில் வாங்கிய பெடல் ஒன்று இருந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டாரின் சன்னமான ஒலியைப் பிடித்து, கரகரப்பாக்கி, முரட்டுத்தனமாக நீட்டி இழுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. தரையில் கிடக்கும், காலால் மிதித்தால் வேலை செய்யும். கூலாயில் ஒத்திகை நடக்கும் மாஸ்டர் வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருடம் அந்தப் பெட்டி தண்ணீரோடு போயிற்று. கிட்டார் அலமாரி மேல் இருந்ததால் பிழைத்தது.

"நீ பேக்டரியில போர்டுதானே பாக்கற. ஒனக்கு இது செய்ய வராதா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

வராதா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே வந்துவிடும். பிறவிக் குணம், மாற்ற முடியவில்லை.

வரைபடம் ஒன்றைப் பார்த்து, பாகங்களைச் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் செய்து முடித்தேன். மிதித்தார். ஓசை வந்தது. இருவரும் சிரித்தோம். வாசிப்பதை நிறுத்தினார். ஓசை நிற்கவில்லை. மூங்கிலுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி 'உம்ம்ம்' என்று உள்ளே ஏதோ பாடிக்கொண்டே இருந்தது.

"பரவால்ல லா. வாசிக்கிறப்ப தெரியாது," என்றார்.

வாசிக்கும்போது தெரியாதுதான். ஆனால் எங்கள் ஊர்க் கல்யாண விருந்தில் வாசிக்காத நேரம் ஒன்று உண்டு. மண்டபத்து விளக்குகளை மங்க வைத்து, தரையில் வெண்புகை விட்டு, கதவைத் திறப்பார்கள். மணமக்கள் வாசலில் நிற்பார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தித் திரும்புவார்கள். அந்த அமைதியிலிருந்துதான் மாஸ்டர் கீபோர்டில் மெதுவாகத் தொடங்குவார். அந்த அமைதியில் போய் 'உம்ம்ம்' என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்.

இன்னொரு குறையும் இருந்தது. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போது செல்வத்தின் விரல் ஓடுவது தெரியும், ஓசை தெரியாது. வேண்டாத இடத்தில் வாய், வேண்டிய இடத்தில் ஊமை. எங்கள் உறவில் அப்படி ஒரு மாமா உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அவரும் இந்த வாரப் பத்திரிகையை வாங்குகிறவர்.

குழுவில் எல்லாரும் என் பெடலுக்கு வண்டுப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். செல்வம் அதற்கும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாயாங் லாயாங் என்ற ஊரில் ஒரு விருந்து. மணப்பெண் நுழையும்போது வண்டு வாய் நிறையப் பாடிவிட்டது. வீடியோவிலும் பதிந்துவிட்டது. பெண் வீட்டார் மாஸ்டரிடம் வருத்தப்பட்டார்கள். மறுநாள் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னோம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"செல்வம், இப்ப கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு எல்லாம் இருக்கு. நான் சொல்றது ஒனக்குப் புரியும். செடெனாக் கல்யாணத்துல பாப்போம். அதுலயும் இந்த வண்டு வந்துச்சுன்னா, அப்புறம் ஒனக்காக என்னால பேச முடியாது."

"சரி மாஸ்டர்," என்றார் இவர்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ ஒன்னும் நெனச்சிக்காத மங்களா."

நினைத்துக்கொண்டேன். நன்றாகவே நினைத்துக்கொண்டேன்.

சத்தமில்லாத அறை

எங்கள் ஆலையில் ஓர் அறை உண்டு. சுவர், கூரை, கதவு எல்லாமே உலோகத் தகடு. வெளியில் அலையும் ரேடியோ அலையோ மின்சார இரைச்சலோ உள்ளே நுழைய முடியாது. நுட்பமான போர்டுகளை அங்கே வைத்துத்தான் சோதிப்போம். கைப்பேசி அதற்குள் போனால் செத்தமாதிரி கிடக்கும்.

முதன்முதலாக அதற்குள் போனபோது எனக்குச் சின்ன வயது. அளக்கும் கருவியின் திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடும். வெளியே எப்போதும் அது நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். கதவைச் சாத்தினேன். நடுக்கம் அடங்கி, கோடு நேராகப் படுத்துவிட்டது. வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம்மைச் சுற்றி இவ்வளவு இரைச்சல் காதுக்குக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கதவைச் சாத்தினால் அத்தனையும் வெளியே நின்றுவிடுகிறது. அதை நினைக்க நினைக்க ஆனந்தமாக இருந்தது. சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

கல்யாணமான புதிதில் ஒரே வீட்டில் நாத்தனார், கொழுந்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்தோம். அந்த நாட்களில் இந்த அறை அடிக்கடி என் கனவில் வரும். கனவில் அதற்குள் ஒரு கட்டிலும் போட்டிருப்பார்கள்.

மாஸ்டர் போன பிறகு சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது அந்த அறை நினைவுக்கு வந்தது. கிட்டாரிலிருந்து வருவது துளியூண்டு மின்சாரம். அதைச் சுற்றி விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் டப்பா எதைத் தடுக்கும். வண்டுப் பெட்டிக்கு வேண்டியது ஓர் உலோக அறை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், ஹரி ராயா பெருநாளுக்கு அன்னாசி பிஸ்கட் போட்டுக் கொடுத்த டின் அலமாரியில் இருந்தது. அதில் கடுகு வைத்திருந்தேன். கடுகை வேறு பாத்திரத்தில் கொட்டினேன்.

கல் பொறுக்கிய ஞாயிறுகள்

செல்வத்துக்கு முதலில் ஒலியைக் கூட்ட வேண்டும் என்று ஆசை.

"சத்தத்த ஏத்திட்டா வண்டு அமுங்கிடும் இல்ல?"

"அமுங்காது. அதுவும் சேந்து ஏறும்," என்றேன்.

அரிசியில் கல் இருந்தால் பெரிய பானை வைத்து என்ன பயன். சோறும் கூடும், கல்லும் கூடும். முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். அதுவும் மின்சாரம் நுழையும் முதல் இடத்திலேயே பொறுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே விட்டதைத்தான் பின்னால் வருகிற எல்லாம் பெரிதாக்கிக் காட்டும். இதை அவருக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். 'உம்' கொட்டினார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாத அவருடைய வழக்கமான 'உம்' அது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வேலை நடந்தது. மேசையின் ஒரு பக்கம் அவர் கிட்டாரோடு, மறுபக்கம் நான் ஈயம் பற்றவைக்கும் கோலோடு. பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும்.

போர்டை டின்னுக்குள் மாற்றி, மிதிக்கும்போது நசுங்காமல் அடியில் ஒரு பலகை வைத்தேன். டின்னையும் போர்டின் கிரவுண்டு என்கிற தரை இணைப்பையும் ஓரிடத்தில் இணைத்தேன். வண்டு பாதியாகக் குறைந்தது. சாதாரண வயரை எடுத்துவிட்டு மேலே உலோகப் பின்னல் போட்ட வயரை வைத்தேன். உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் சண்டை போட்ட ஓரகத்திகளைப் போலத் தள்ளித் தள்ளி வைத்தேன். சுவரில் செருகும் அடாப்டரை விட்டுவிட்டு பேட்டரி போட்டேன். வண்டு கொசுவாயிற்று. முதல் இடத்தில் இருந்த மட்டமான ரெசிஸ்டர்களைப் பிடுங்கிவிட்டு, இரைச்சல் குறைந்த ரகத்தை வைத்தேன்.

ஒவ்வொன்றை மாற்றிய பிறகும் அவர் ஒரு கம்பியை மீட்டி, கையால் மூடுவார். இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்போம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து, பேசாமல், ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தது அந்த மதியங்களில்தான். அது முடிந்துவிடக் கூடாதே என்றுகூட எனக்கு இருந்தது.

"இப்ப கேக்குதா?" என்பேன்.

"இல்ல. ஒனக்கு?"

"மழதான் கேக்குது."

கல் போயிற்று. இனி பானையைப் பெரிதாக்கலாம். பெடலுக்குள் டயோடு என்று இரண்டு சின்னப் பாகங்கள் உண்டு. கிட்டாரின் அலை துள்ளி எழும்போது தலையில் தட்டி அமுக்குவது அவைதான். அந்தத் தட்டில்தான் கரகரப்பு பிறக்கிறது. நான் வைத்திருந்தவை தாழ்ந்த கூரை மாதிரி. எவ்வளவு துள்ளினாலும் குனிந்துதான் வெளியே வர வேண்டும். கூட்டத்தில் ஊமையானது அதனால்தான். அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை வைத்தேன். அவையும் டயோடு வகைதான், ஆனால் கூரை உயரம்.

அவர் மிதித்து ஒரு கம்பியை இழுத்தார். மேசைமேல் இருந்த கரண்டி கிலுகிலுத்தது. பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேலிருந்து குதித்து ஓடியது.

நான் மூடாத டின்னுக்குள் பார்த்தேன். ஓசை எழும்போது இரண்டு சிவப்புப் புள்ளிகள் மெல்ல எரிந்தன. ஓசை தேயத் தேய அவையும் தேய்ந்து அணைந்தன.

"இங்க பாருங்க," என்றேன்.

கிட்டாரோடு குனிந்து பார்த்தார். இன்னொரு முறை மீட்டினார். இன்னொரு முறை.

"மூடிட்டா வெளிய தெரியாதே," என்றார்.

"தெரியாது."

"ஆனா உள்ள எரியும்?"

"வாசிக்கிறப்பல்லாம் எரியும்."

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதனால் வந்த வினைதான் மேலே நான் சொன்ன சந்தனம்.

உள்ளே வைத்த பொட்டு

செடெனாக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கார், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், என் ஈயக்கோல், அவருடைய கிட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டின் மூடிமேலும் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மண்டபத்தில் ஒலியைச் சரிபார்க்கிறார்கள். செல்வம் மிதித்தார். பெட்டி 'சரசர' என்று அப்பளம் பொரிக்க ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

டின்னை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். செல்வமும் கூடவே வந்தார். திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். கோயில் வாசம் வந்தது.

"என்னாங்க இது?"

"பொட்டு," என்றார்.

"மேல வெச்சேனே."

"அது டின்னுக்கு. உள்ள எரியறதுக்கு யாரு வெக்கறது?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்ததில் எதுவும் வெளியே வரவில்லை. ஈரச் சந்தனத்தில் மின்சாரம் கசியும். அதையும் எங்கே வைத்தார் என்கிறீர்கள். மின்சாரம் நுழைகிற முதல் இடத்தில்.

"ஏங்க, இத்தன எடம் இருக்க இங்கயா வெப்பீங்க?"

"நீதானே சொன்ன, மொதல் எடத்துலதான் எல்லாம் இருக்குன்னு."

நான் பேசுவதை அவர் கேட்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சந்தனத்தைச் சுத்தமாக எடுக்க ஸ்பிரிட் வேண்டும். ஆலையில் குடம் குடமாக இருக்கிறது. இங்கே யாரிடம் இருக்கும் என்று யோசித்தேன். மேக்கப் போடுகிறவர்களிடம் பிரஷ் கழுவுவதற்கு இருக்கும். மணப்பெண் அறைக் கதவைத் தட்டினேன்.

மேக்கப் போட வந்திருந்த பெண்ணுக்கு ரீனா என்று பெயர். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அலாமாக், அக்கா, பொண்ண விட்டுட்டு இதுக்கா மேக்கப் போடணும்?" என்றாள்.

"போட வேணாம்மா. கலைக்கணும்."

ஸ்பிரிட்டையும் புருவம் தீட்டுகிற பிரஷ் ஒன்றையும் கொடுத்தாள். தேய்த்துத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தேன். எடுக்க எடுக்கக் காயவைக்கவும் வேண்டும், ரீனாவுக்குக் கை ஒழியவில்லை. மணப்பெண் ஷாமினி தானாகவே எழுந்து வந்து டிரையரை எடுத்தாள்.

"அங்கிள் பயந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"பயந்துதான் உள்ள போயி பொட்டு வெச்சிருக்காரு."

அவள் சிரிக்கவில்லை. குங்குமம் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் பயமா இருக்கு ஆன்ட்டி," என்றாள். "காலு சில்லுன்னு ஆயிடுச்சு."

நான் அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கவனமெல்லாம் போர்டில் இருந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் புடிம்மா," என்று மட்டும் சொன்னேன்.

விளக்கு மங்கியதும்

மூடியைப் பூட்டி அவரிடம் கொடுத்தேன். மிதித்தார். ஒன்றுமே கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"செத்துப் போச்சா?"

"இல்லங்க. நல்லாயிடுச்சு. தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஓசை எழுந்தது. கையால் மூடினார். அமைதி. மேடைக்குக் கீழே ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் முதுகு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தது.

விருந்தாளிகள் வந்து நிறைந்தார்கள். அறிவிப்பாளர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். விளக்குகள் மெல்ல மங்கின. தரையில் வெண்புகை பரவியது. கதவு திறந்தது. வாசலில் ஷாமினி மாப்பிள்ளையோடு நின்றாள். அந்தத் தூரத்தில் அவள் சேலையின் சரிகை மட்டும்தான் தெரிந்தது. மண்டபமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைவில்லாமல் இருந்தது.

அந்த அமைதியில், 'உம்ம்ம்'.

மேடையில் எல்லாத் தலையும் செல்வத்தின் பக்கம் திரும்பியது. மாஸ்டரும் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, முடிந்துவிட்டது என்கிற அலுப்புதான் இருந்தது.

செல்வம் குனிந்தார். பக்கத்திலிருந்த அவருடைய ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சை அணைத்தார். அதன் சிவப்பு விளக்கு அணைந்தது.

'உம்ம்ம்' அப்படியே இருந்தது.

அது மாஸ்டர் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து, கீபோர்டு வழியாக வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மண்டபத்து விளக்கை மங்க வைக்கும் கருவி மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த நறுக்கிய மின்சாரத்தின் இரைச்சல் கீபோர்டின் அடாப்டரில் ஏறியிருக்கிறது. என் பெட்டிக்குள் வண்டு இருந்தது உண்மை. ஆனால் மணப்பெண் நுழையும்போதெல்லாம் அதோடு இன்னொரு வண்டும் சேர்ந்து பாடியிருக்கிறது. அது எங்கள் வண்டு அல்ல. எங்கள் வீட்டில் விளக்கை யாரும் மங்க வைப்பதில்லை, அதனால் எத்தனை ஞாயிறு உட்கார்ந்தும் அது என் காதில் விழவில்லை.

மாஸ்டருக்கும் விளங்கிவிட்டது. கீபோர்டின் மேல் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். ஷாமினி முதல் காலை எடுத்து வைத்தாள். இசை வரவில்லை என்று தெரிந்து பாதியில் தயங்கினாள்.

நானாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். எல்லாரும் நன்றாகக் கேட்கட்டும் என்று நின்றிருப்பேன்.

செல்வம் சுவிட்சை மறுபடி போட்டார். டின்னை மிதித்தார். எங்கள் மேசையில் கேட்பாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டார். தடித்த கம்பியில் விரலை மெல்ல நகர்த்தி அதன் சுருதியைப் பிடித்தார். பிடித்த சுரத்தை உயர்த்தவில்லை, உள்ளிருந்து கசியவிட்டார். அது நீண்டு, இரைச்சலின் மேல் படர்ந்து, இரைச்சலைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அங்கே வண்டு இல்லை. தம்புராவைப் பின்னால் வைத்துக்கொண்டு யாரோ பாடத் தொடங்குகிற மாதிரி இருந்தது. அந்தச் சுருதியின் மேல் அவர் மெதுவாக, மிக மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்.

ஷாமினி நடந்தாள். புகைக்குள் அவள் கால் தெரியவில்லை, மிதந்து வருவதாகத்தான் தெரிந்தது. முதலிலேயே இப்படித்தான் திட்டமிட்டிருந்தார்கள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். மூடிய டின்னுக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்துகொண்டிருக்கும் என்பது அந்த மண்டபத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

மணமக்கள் மேடையேறியதும் விளக்குகள் வந்தன. இரைச்சல் நின்றது. செல்வத்தின் சுரம் மட்டும் தனியாக நின்றது. மாஸ்டரின் கை அப்போதுதான் கீழே இறங்கி, அதே சுருதியில் கீபோர்டைத் தொட்டது. பிறகு டிரம்ஸ் சேர்ந்தது. அன்று முழுவதும் கிட்டார் கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

சாப்பாடெல்லாம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். கையில் கீபோர்டின் அடாப்டர்.

"மங்களா, இதக் கொஞ்சம் பாக்கறியாம்மா?" என்று என்னிடம் நீட்டினார். செல்வத்தின் தோளில் கையை வைத்தார். பிறகு, "அடுத்த சனிக்கிழம குளுவாங்ல கல்யாணம். சீக்கிரமா வந்துரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. சாலை ஈரமாக மினுங்கியது. எனக்கு மனசு ஆறவில்லை.

"ஆம்ப்ளிஃபையர அணைச்சீங்க இல்ல. அப்படியே விட்டிருந்தா யாரு வண்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றேன். "இத்தன நாளா பேச்சு வாங்கினது நீங்க."

அவர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு ஒரு கால எடுத்து வெச்சிடுச்சு மங்களா," என்றார். "அது நடந்து வர்ற நேரத்துல, நானா மாஸ்டரான்னா பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

செனாய் வரும்வரை மாஸ்டரின் அடாப்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.